ஆமை முதுகு கிரீன்களில் ஆடுவது எப்படி? வடசென்னை மொட்டைமாடியிலிருந்து பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 வரை

வடசென்னையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் கோல்ஃப் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் மணலி ஆலைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், விடிவதற்குள் நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். இவர்களில் சிலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில். அதுவும் வட கரோலினாவின் ராலே, கேரி பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கப் போகும் அப்பாவுக்கு, பேரனைப் பள்ளியில் விட்டுவந்த பிறகு பகல் நீளமாகத்தான் இருக்கும். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய தூரத்தில்தான் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 என்ற பழைய கோல்ஃப் மைதானம் இருக்கிறது.

அந்த அப்பாவை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத்திறனுக்கேற்பக் கிடைக்கும் அடிச் சலுகை) 18-லிருந்து 28-க்குள், பந்தை ஓரளவு நேராக அடிப்பார், ஆனால் பந்தைத் தள்ளிவிடும் கிரீன்களை (குழி இருக்கும், ஒட்ட வெட்டிய புல்பரப்பு) டிவியில் மட்டுமே பார்த்தவர். பழைய வடிவத்துக்கு மீட்டெடுக்கப்பட்ட வேறு மைதானத்துக்குப் போகிறவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இந்த மைதானங்களில் தப்பிய அடி எந்தப் பக்கம் போய் நிற்கிறது என்பதை வைத்தே ஸ்கோர் அமைகிறது. கீழே சொல்லும் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

முதல் படி: மைதானம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள், எங்கே அடிப்பது என்ற முடிவு இதிலிருந்துதான் வருகிறது.

ஸ்காட்லாந்தின் டோர்னாக் ஊரிலிருந்து வந்த டொனால்ட் ராஸ் 1900-ல் பைன்ஹர்ஸ்டில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் அமைத்த நம்பர் 2 மைதானம் 1907-ல் 18 குழிகளோடு திறந்தது. அப்புறம் 1948-ல் இறக்கும்வரை அவர் அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார்; அவர் வீடே மூன்றாவது குழியை ஒட்டித்தான். 1930-களின் நடுப்பகுதி வரை அங்கே கிரீன்களில் புல்லே கிடையாது, மணல் பரப்புதான். நம் நாட்டிலும் தண்ணீர் தட்டுப்பாடான ஊர்களில் எண்ணெய் விட்டுச் சமன்செய்த மணல் கிரீன்கள் நெடுங்காலம் இருந்தன. பழைய ஆட்டக்காரர்கள் அவற்றை ‘பிரவுன்’ என்பார்கள். ஆக, 1936-ல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெரிய போட்டியான பிஜிஏ சாம்பியன்ஷிப் அங்கே நடந்தபோது புல் கிரீன்களுக்கு வயது ஓரிரு வருடம்தான்.

அந்த கிரீன்களின் வடிவத்தைத்தான் ஆமை முதுகு என்கிறார்கள். நடு உயரம், நாலா பக்கமும் இறக்கம். ஓரத்தில் விழுந்த பந்து அங்கே நிற்காமல் மெதுவாக நகரத் தொடங்கி, கிரீனைவிட்டு இறங்கி, பத்துப் பதினைந்து கெஜம் தள்ளிப் பள்ளத்தில் போய் உட்காரும். வருடக்கணக்கில் மேலே தூவிய மணல் சேர்ந்து சேர்ந்துதான் முதுகு இவ்வளவு எழும்பியது என்று சொல்பவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும், கண்ணுக்குத் தெரியும் கிரீன் பெரியது, பந்து தங்கும் கிரீன் சின்னது.

ராஸுக்குப் பிறகு வந்தவர்கள் எங்கும் பச்சையாக இருக்க வேண்டும் என்று ஓரங்களிலெல்லாம் அடர்புல் வளர்த்தார்கள், ஃபேர்வே (டீயிலிருந்து கிரீன்வரை பந்து போகும் வெட்டிய புல்பாதை) ஒடுங்கியது. 2010–11-ல் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் 1943-ல் விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக்கொண்டு அதைப் பழையபடி மாற்றினார்கள். 35 ஏக்கருக்கு மேல் புல்லை உரித்து எடுத்தார்கள். அடியிலிருந்த மணலும் கம்பிபோல நிற்கும் வயர்கிராஸ் புதர்களும் திரும்பி வந்தன. ஃபேர்வே அகன்றது. தண்ணீர் தெளிப்பான்கள் நூற்றுக்கணக்கில் போயின, தரை இறுகியது.

இது உங்களுக்கு என்ன செய்கிறது? டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) நின்று பார்த்தால் மைதானம் விசாலமாகத் தெரியும், மனசு லேசாகும். ஆனால் பந்து விழுந்த பிறகும் ஓடும். ஃபேர்வேயின் எந்தப் பக்கத்திலிருந்து கிரீனைப் பார்க்கிறீர்கள் என்பது அடுத்த அடியைச் சுலபமாக்கும், அல்லது கெடுத்துவிடும்.

எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அங்கே நடந்த யுஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டிகளின் கணக்கே போதும். 1999-ல் பாருக்கு (தேர்ந்தவருக்கு இத்தனை அடி போதும் என்று வைத்த கணக்கு) கீழே முடித்தவர் பேய்ன் ஸ்டூவர்ட் ஒருவர்தான், அதுவும் ஒரே ஒரு அடி. 2005-ல் ஒருவருமில்லை. மீட்டெடுத்த பிறகு 2014-ல் மூன்று பேர். 2024-ல் பிரைசன் டிஷாம்போ ஆறு அடி குறைவாக ஜெயித்தார்.

வேறு பழைய மைதானத்துக்குப் போகிறீர்களா? அங்கே இன்னொன்றைக் கவனியுங்கள். புல் வெட்டும் இயந்திரம் வருடா வருடம் மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கி வளைத்து வெட்டுவதால் பழைய கிரீன்கள் சுருங்கி உருண்டையாகிவிடும். மீட்டெடுக்கும்போது பழைய விளிம்புவரை திரும்ப விரிப்பார்கள். அந்தப் புது மூலைகளில்தான் குழியைக் காட்டும் கொடியை நட ஆசைப்படுவார்கள். மூலையில் கொடி தெரிந்தால் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு நடுவில் அடியுங்கள்.

இரண்டாம் படி: இடம் பிடிப்பது, டீ தேர்வு

நம்பர் 2-ல் ஆட வேண்டுமென்றால் அங்குள்ள ரிசார்ட்டில் தங்கும் ஏற்பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்வதே வழக்கம். செலவு பல நூறு டாலர். மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறந்தநாள் பரிசாக அமையலாம். அவ்வளவு வேண்டாம் என்றால் பக்கத்து சதர்ன் பைன்ஸ் ஊரில் மிட் பைன்ஸ் இருக்கிறது. அதுவும் ராஸ் அமைத்தது, 1921. வடிவமைப்பாளர் கைல் ஃபிரான்ஸ் 2013-ல் மீட்டெடுத்தார். முதலில் அங்கே ஒரு சுற்று, பிறகு நம்பர் 2 என்று போனால் இன்னும் நல்லது.

டீ தேர்வில் வீம்பு கூடாது. ஐந்தாம் எண் அயர்ன் ஸ்டிக்கால் எவ்வளவு தூரம் அடிப்பீர்களோ அதை 36-ஆல் பெருக்குங்கள். 140 கெஜம் என்றால் 5,040. அந்த நீளத்தை ஒட்டிய டீதான் உங்களுடையது. பின் டீயிலிருந்து ஆடினால் கிரீனுக்கு ‘வுட்’ எனும் நீள ஸ்டிக்கால் அடிக்க வேண்டிவரும். தாழ்வாக வரும் பந்து அந்த முதுகில் நிற்கவே நிற்காது.

ஹேண்டிகேப் இப்போது உலகம் முழுக்க ஒரே முறை. உங்கள் குறியீட்டு எண்ணை அந்த டீயின் ஸ்லோப் எண்ணால் (சராசரி ஆட்டக்காரருக்கு எவ்வளவு கஷ்டம் என்று காட்டுவது) பெருக்கி 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் அடிகள்) பாருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் அன்றைக்கு உங்களுக்கு எத்தனை அடி சலுகை என்று வரும். ஊரில் கிடைப்பதைவிட அதிகமாக வந்தாலும் வரும். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டி விஷயம். ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் ஒன்று கட்டாயம் பருப்புப்பொடி, அப்பளம், ஊறுகாய்க்குத்தான். கோல்ஃப் பை எடுத்துப்போக வீட்டில் அனுமதி கிடைக்காது. அங்கே செட் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் பட்டரை (கிரீனில் பந்தை உருட்டும் ஸ்டிக்) மட்டும் உங்களுடையதாக எடுத்துப் போங்கள். பெரிய பெட்டியில் குறுக்காக வைத்தால் அடங்கும். விமானத்தில் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள்.

மூன்றாம் படி: மொட்டைமாடிப் பயிற்சி

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். தினமும் அரை மணி போதும். வெயில் இறங்கி கடல்காற்று வந்த பிறகு ஏறுங்கள்.

நம் மொட்டைமாடி சமதளம் கிடையாது. மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்பதால் கொத்தனார் தூம்பு வாயை நோக்கி வாட்டம் கொடுத்திருப்பார். நூறடிக்கு ஓரடி, ஒன்றரை அடி இறங்கும். கோல்ஃப் கிரீனில் கொடி நடும் பகுதிகளின் சரிவும் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சதவீதம். இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் ஐந்து நட்சத்திர ஓட்டலிலும் கிடைக்காது.

ஒரு சொம்புத் தண்ணீரை நடுமாடியில் ஊற்றுங்கள். அது உடனே கிளம்பாது. முதலில் அகலமாகப் பரவி, ஒரு பக்கம் லேசாக விரல் நீட்டி, அப்புறம் தட்டோட்டின் இணைப்புக்கோட்டை மீறி ஓடத் தொடங்கும். அந்த ஓட்டத்தின் திசைதான் இறக்கக் கோடு. கிரீனில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். இங்கே தண்ணீர் ஊற்றுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காலையும் சற்று அகட்டி நில்லுங்கள். எந்தக் காலில் பாரம் கூடுகிறது? எந்தப் பக்கம் இறக்கம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஊற்றிப் பாருங்கள். முதல் வாரம் பாதிதான் சரியாக வரும். போகப் போக கண்ணைவிடக் கால் நம்பகமானது என்று தெரியும். சுற்றிலும் பைன் மரங்களும் மேடுபள்ளமும் இருக்கும் இடத்தில் கண் எளிதாக ஏமாறும், கால் அவ்வளவாக ஏமாறாது.

அடுத்தது வேகம். சிமெண்டுத் தரையில் பந்து ஓட்டமாக ஓடிவிடும், அதனால் விரிப்பு வேண்டும். கார்ப்பெட் கடைகளில் செயற்கைப் புல் விரிப்பை அளந்து வெட்டித் தருவார்கள். குட்டையான, நெருக்கமான ரகமாகப் பார்த்து இருபதடி நீளம் வாங்குங்கள். விரிப்பை ஒருநாள் இறக்கக் கோட்டின்மேல், ஒருநாள் அதற்குக் குறுக்கே, ஒருநாள் கோணலாகப் போடுங்கள். இடத்தை மாற்றாமல் ஆடினால் விரிப்புக்குப் பழகுவீர்கள், சரிவுக்குப் பழகமாட்டீர்கள்.

வேகத்தை அளக்கக் கருவி ஒன்று செய்துகொள்ளலாம். கிரீன் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டர் என்பது 36 அங்குல நீள அலுமினியப் பள்ளவாரைதான். 1935-ல் ஓக்மாண்ட் மைதானத்தில் நடந்த யுஎஸ் ஓப்பனைப் பார்த்துவிட்டு எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உண்டாக்கியது. தரையில் படும் முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதில் பந்தை வைத்து வாரையை மெல்லத் தூக்கினால் 20 டிகிரி வாக்கில் பந்து தானாகக் கிளம்பும். எத்தனை அடி உருள்கிறதோ அதுதான் அந்தப் பரப்பின் எண். ஹார்டுவேர் கடையில் அலுமினிய ஆங்கிள் ஒன்று வாங்கி, சரியான இடத்தில் சின்ன வெட்டுப் போட்டால் வீட்டு உபயோகத்துக்குப் போதும்.

சரிவில் அளக்கும்போது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சராசரி எடுத்தால் தப்பாக வரும். இரண்டையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஏற்றத்தில் 7 அடி, இறக்கத்தில் 13 அடி உருண்டால் 182-ஐ 20-ஆல் வகுத்து 9.1. சாதாரண கிளப் கிரீன் 8-லிருந்து 10 வரை இருக்கும். பெரிய போட்டிகளில் 12, 13 வரை ஏற்றுவார்கள்.

இந்த வேக வித்தியாசத்தை நம் ஏரியாக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கேரம் போர்டில் பவுடர் தட்டிய புதிதில் ஸ்ட்ரைக்கர் எப்படிப் போகிறது, மழைநாளில் ஈரக்காற்றில் அதே போர்டு எப்படி இழுக்கிறது என்று விரலுக்குத் தெரியும். போர்டு மாறினால் நல்ல ஆட்டக்காரர் முதல் இரண்டு அடியைக் காயை எடுக்க அடிக்கமாட்டார், ஓட்டம் பார்க்கத்தான் அடிப்பார். புது கிரீனிலும் அதேதான்.

மாடியில் பட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எம்பி அடிக்கும் வெட்ஜை எடுத்தால் பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழும் என்று சொல்ல முடியாது.

நான்காம் படி: நந்தனத்தில் என்ன செய்வது

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவின் நீல வழித்தடத்தில் ஏறினால் மாறாமலே நந்தனத்தில் இறங்கலாம். பெரம்பூர்க்காரர்கள் சென்ட்ரல் வந்து பிடிக்கலாம். நந்தனம் காஸ்மோ மைதானத்தில் யார் யார் ஆடலாம், என்ன கட்டணம் என்பதைப் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

அங்கே போனதும் தூரமாக அடிக்கும் டிரைவர் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கிரீனுக்கு வெளியே, பள்ளத்தில், ஒட்ட வெட்டிய புல்லில் பந்துகளை வைத்துப் பட்டரால் மேலே உருட்டிப் பழகுங்கள். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டிம்ப் 10 உள்ள பரப்பில் பந்து ஓரடி உயரம் ஏற வேண்டுமானால், சமதளத்தில் ஏறக்குறைய 12, 13 அடி ஓடுவதற்கான வேகம் அந்த ஏற்றத்துக்கே போய்விடும். அதாவது ஸ்டிம்ப் எண்ணோடு அதன் கால்பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். குழி 30 அடி தூரத்தில், இரண்டடி உயரத்தில் இருந்தால் 55 அடி பட் (பட்டரால் உருட்டும் அடி) மாதிரி அடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் 40 அடிக்கு அடிப்பார்கள். பந்து மேட்டைப் பாதி ஏறி, யோசித்து, காலடிக்கே திரும்பி வரும். ஓரப்புல் தடிப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். தலையில் கணக்குப் போடத் தயங்குகிறவர்கள் ‘இருமடங்குக்குச் சற்றுக் குறைவு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

புல்லின் சாய்வையும் இங்கேயே பழகலாம். கிரீன்களில் போடும் பெர்முடா என்பது பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனம்தான். படுத்துப் படரும் குணம் உள்ளது. நம்பர் 2-லும் 2014 ஓப்பனுக்குப் பிறகு பென்ட்கிராஸ் என்ற புல்லை எடுத்துவிட்டு ‘சாம்பியன்’ என்ற மிகக் குட்டையான பெர்முடா ரகத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆக, சென்னை வெயிலில் வளரும் புல்லில் பழகியவருக்கு அங்கே அந்நியமாக இருக்காது. கிரீன் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது வெள்ளையாகப் பளபளத்தால் புல் உங்களைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்தை இழுக்கும். சந்தேகம் வந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கத்தி வைத்து அறுத்ததுபோல் சுத்தமாக இருக்கும், எதிர்ப்பக்கம் தேய்ந்து பழுப்பேறிப் பிசிறடித்திருக்கும். பிசிறு இருக்கும் பக்கம் நோக்கித்தான் புல் வளர்கிறது.

ஐந்தாம் படி: ஆட்டத்தன்று காலை

ஒரு மணி நேரம் முன்னாலேயே போங்கள். கிளப் ஹவுஸ் பக்கத்தில் திசில் டூ என்ற பட்டிங் மைதானமும், கில் ஹான்ஸ் அமைத்து 2017-ல் திறந்த ‘த கிரேடில்’ என்ற ஒன்பது குழிக் குட்டி மைதானமும் இருக்கின்றன. முந்தின நாள் மாலையே வந்துவிட்டால் திசில் டூவில் சுற்றுவதுதான் உருப்படியான வேலை.

பயிற்சி கிரீனில் மூன்றடி பட்களைக் குழியில் போட்டுத் தன்னம்பிக்கை வளர்ப்பதற்கு முன், முப்பது நாற்பதடி பட்களைக் குழியே இல்லாத பக்கம் உருட்டி ஓட்டம் பாருங்கள். ஏற்றத்தில், இறக்கத்தில், விளிம்புக்கு வெளியிலிருந்து. விருந்தினர்கள் ஆடும் நாளில் ஓப்பன் வேகம் இருக்காது. ஆனால் நந்தனத்துக்கு அடிக்கிற கையால் அடித்தால் தாண்டிவிடும்.

கேடி (பையைச் சுமந்துகொண்டு கூடவே வந்து வழிசொல்லும் உதவியாளர்) வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் கை இறுக்க வேண்டாம். நம்ம ஊர் கேடிகள் “சார், மேட்டுல விட்றாதீங்க, பள்ளத்துல விடுங்க” என்பார்கள். குழிக்கு மேல்பக்கம் பந்து நின்றால் அடுத்த பட் இறக்கத்தில், கீழே நின்றால் ஏற்றத்தில் என்பதைச் சொல்கிறார்கள். அந்த ஊர் கேடியும் ஆங்கிலத்தில் அதையேதான் சொல்லப்போகிறார். முதல் டீயிலேயே உங்கள் நிஜமான தூரங்களை அவரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல நாளில் அடித்த தூரம் அவருக்கு வேண்டாம்.

ஆறாம் படி: டீயிலிருந்து

இதில் சொல்ல அதிகமில்லை. ஃபேர்வே அகலம், தைரியமாக அடிக்கலாம். கொடி கிரீனின் வலப்பக்கம் இருந்தால் ஃபேர்வேயின் இடப்பக்கம், கொடி இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் என்பது பொதுவான விதி. பங்கர் (மணல் நிரப்பிய பள்ளம்) மறிக்காத பாதையாக இருக்க வேண்டும், அதுதான் நோக்கம். மணலும் வயர்கிராஸும் கலந்த ஓரத்துக்குப் போய்விட்டால் சில நேரம் பந்து சுத்தமான மணலில் இருக்கும், சில நேரம் புதருக்கு நடுவில். புதரில் என்றால் வெளியே தட்டிவிட்டு வாருங்கள். அந்த மணல் பங்கரா, பொதுப்பகுதியா என்று கேடியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுப்பகுதியானால் ஸ்டிக்கைத் தரையில் ஊன்றலாம், ஒத்திகை வீச்சில் மணலைத் தொடலாம். பங்கரானால் கூடாது.

ஏழாம் படி: கிரீனை நோக்கிய அடி

ஆட்டம் இங்கேதான் இருக்கிறது.

கொடியைப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் வேறு வழி சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கை உருவுவதற்கு முன் கேடியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “எந்தப் பக்கம் போகவே கூடாது?” பெரும்பாலும் பதில் ‘பின்னால்’ என்றே வரும். ஆமை முதுகின் பின்சரிவில் இறங்கிய பந்துக்குத் திரும்பி வர ஏற்றம், ஏறியதும் உடனே முன்னோக்கி இறக்கம். அடுத்த அடி கிரீனின் முன்பக்கமாக வெளியே போய்விடும், பிறகு அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. டிவியில் பெரிய ஆட்டக்காரர்களே அப்படி அலைந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே தூரத்தைக் கிரீனின் நடுவுக்குக் கணக்கிடுங்கள், கொடி பின்னால் இருந்தாலும் சரி. கொடி முன்னால் இருந்தால் கிரீனுக்கு முன் பத்து கெஜம் நின்றாலும் பரவாயில்லை என்று அடியுங்கள். ராஸ் பல கிரீன்களின் முன்வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார். தரையும் இறுகியது, பந்து விழுந்து ஓடி ஏறும். அங்கே நின்றால் நேர் ஏற்றத்தில் ஒரு பட். மொட்டைமாடியில் பழகியது அதற்குத்தான். 6, 9, 15, 17 ஆகிய நான்கு பார்-3 குழிகளிலும் இதே வழிதான். அவற்றில் எல்லாம் நாலு வாங்கினால் வருத்தப்படாதீர்கள்.

ஹேண்டிகேப் 20 உள்ளவர் ஒவ்வொரு குழியிலும் பார் அடிக்க முயன்றால் ஏழும் எட்டும் வந்து குவியும். போகி (பாரைவிட ஓர் அடி கூடுதல்) அடிக்கத் திட்டமிட்டு, பார் வந்தால் வாங்கிக்கொள்பவர் நூறுக்குள் முடிப்பார்.

எட்டாம் படி: கிரீனைவிட்டு இறங்கிய பந்து

இறங்கத்தான் போகிறது. கோபப்படாமல் பட்டரை எடுங்கள். 2014 ஓப்பனில் மார்டின் கைமர் கிரீனுக்கு வெளியிலிருந்து திரும்பத் திரும்பப் பட்டரால் உருட்டித்தான் எட்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். யுஎஸ் ஓப்பன் ஜெயிக்கிறவரே உருட்டுகிறார் என்றால் நாம் எதற்கு எம்பி அடிக்க வேண்டும்? இறுகிய தரை, சாய்ந்த பெர்முடா. வெட்ஜ் கொஞ்சம் முன்னால் தரையில் சிக்கினாலும் பந்து இரண்டடி நகரும், அதன் விளிம்பு பந்தின் நடுவில் பட்டால் எதிர்ப்பக்கம் போய்விடும். பட்டரில் கொஞ்சம் மோசமாக அடித்தாலும் பெரும்பாலும் கிரீன் மேல் எங்கேயாவது இருப்பீர்கள்.

பட்டர் முடியாத இடங்கள் இரண்டு: நடுவில் பங்கர் மறித்தால், அல்லது பந்து நீளப் புல்லில் புதைந்திருந்தால். அப்போது வெட்ஜ், அதுவும் கிரீனின் அகன்ற பக்கம் நோக்கி.

ஒன்பதாம் படி: கிரீன் மேல்

ஏறும்போதே இறக்கக் கோட்டைக் காலால் தேடுங்கள். குழிக்கும் பந்துக்கும் நடுவில் ஒருமுறை நின்று பாருங்கள். பந்து கடைசி நாலைந்து அடியில்தான் அதிகம் வளையும், அதனால் குழியைச் சுற்றியுள்ள பகுதிக்கே உங்கள் நேரத்தைக் கொடுங்கள். ஒரே சரிவில் ஏற்றத்தைவிட இறக்கத்தில் பந்து அதிகம் வளையும். மெதுவாகத் தட்டுகிறோம், அதனால் சரிவுக்கு இழுக்க நேரம் கூடுகிறது.

குழியின் விட்டம் நாலே கால் அங்குலம். மெல்ல வந்து சேரும் பந்துக்கு அந்த அகலம் முழுவதும் கிடைக்கும். வேகமாக வரும் பந்துக்கு நடுப்பகுதி மட்டும்தான். தவறினாலும் ஒன்றரை அடி தாண்டிப் போகும் வேகத்தில் அடி என்று பட்டிங் ஆசிரியர்கள் சொல்வார்கள். சமதளத்துக்கு அது சரி. ஆமை முதுகில், அதுவும் இறக்கத்தில், குழியின் வாயில் போய்ச் சாகிற வேகமே போதும் என்பது என் கருத்து.

குட்டி பட்களை அலட்சியப்படுத்தாதீர்கள். 2024 ஓப்பனின் கடைசி நாளில் ரோரி மெக்கில்ராய் 16-லும் 18-லும் நான்கடிக்குக் குறைவான பட்களைத் தவறவிட்டார், ஒரே அடியில் கோப்பை போயிற்று. உங்கள் நண்பர் ‘எடுத்துக்கோங்க’ (குழியில் போட்டதாகவே வைத்துக்கொள்ளலாம்) என்று சொன்னால் மட்டும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

விதிகளில் தெரிந்திருக்க வேண்டியவை சில. கிரீன் மேல் தவறுதலாகக் காலோ ஸ்டிக்கோ பட்டு பந்து நகர்ந்தால் அபராதம் இல்லை, பழைய இடத்தில் வைக்கலாம். நீங்கள் அடையாளம் வைத்து எடுத்துத் திரும்ப வைத்த பந்து காற்றிலோ சரிவிலோ தானாக உருண்டாலும் பழைய இடத்தில்தான் வைக்க வேண்டும். எடுக்காமலேயே இருந்த பந்து உருண்டால் போய் நின்ற இடத்திலிருந்து ஆட வேண்டும். அதனால் இந்த மாதிரி கிரீன்களில் ஏறியதும் முதல் வேலை, அடையாளக் காசை வைத்துப் பந்தை எடுப்பது. 2019-லிருந்து கொடியை எடுக்காமலே பட் செய்யலாம். நீண்ட இறக்கப் பட்களுக்கு விட்டுவைப்பது நல்லது. மற்றவர் காலணித் தடத்தையும் பந்து விழுந்த பள்ளத்தையும் சரிசெய்யலாம். நீங்கள் நிற்கத் தொடங்கியதும் கேடி உங்கள் கோட்டுக்குப் பின்னால் நிற்கக் கூடாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்களுக்கு இன்னொன்று. வெயிலும் புழுக்கமும் நம்ம ஊர் மாதிரியேதான், அது பழக்கம். ஆனால் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் திடீரென்று வரும். சைரன் கேட்டால் பட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று நிற்காமல் உடனே கிளம்ப வேண்டும். காலை நேரம் கிடைத்தால் விடாதீர்கள். பெர்முடா வளரும் நாட்களில் மாலைக்குள் கிரீன் வேகம் கொஞ்சம் குறையும் என்பது மதியம் ஆடுகிறவருக்கு ஒரு சின்ன ஆறுதல்.

18-ம் குழி மேடேறி முடியும். 1999-ல் பேய்ன் ஸ்டூவர்ட் 15 அடி பட்டைப் போட்டு ஜெயித்தது அந்த கிரீனில்தான். அவர் சிலை பின்னால் நிற்கிறது. எல்லோரும் அதேபோல் காலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பின்னால் வருகிற குழுவுக்கு வழி விட்டுவிட்டு. கேடிக்கு டிப்ஸ் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். மகள் கொடுத்த கார்டை மட்டும் நம்பிப் போகாமல், எவ்வளவு வழக்கம் என்று காலையிலேயே வரவேற்பில் கேட்டு, அந்தப் பணத்தைத் தனியாக மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.